அத்தையோடு தரங்கம்பாடி: வயதானவரை அவருடைய கடற்கரைக்கு அழைத்துப் போக ஒரு முழு வழிகாட்டி

என் அத்தைக்கு 78 வயது. பிறந்தது பொறையார், ஓடி விளையாடியது தரங்கம்பாடி மணலில். கல்யாணமாகிப் பெரம்பூருக்கு வந்து 58 வருஷம் ஆகிறது. மெரினாவுக்கு எத்தனையோ முறை கூட்டிப்போயிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அதே பேச்சுதான்: "இது கூட்டம்டா. கடல் எங்க இருக்கு?"

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், காரை எடுத்துக்கொண்டு அவரைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போனேன். காலையில் கிளம்பி, சாயங்காலம் திரும்பிவிடலாம் என்று கணக்கு. போய்ச் சேரும்போது உச்சி வெயில். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. மணலில் கால் வைக்க முடியவில்லை. அத்தை காருக்குள்ளேயே உட்கார்ந்து, ஏசி காற்றில், கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்தார். அரை மணி நேரம் கழித்து, "பார்த்தாச்சு, போலாம்டா" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் தூங்கினார், அல்லது தூங்குவதுபோல் இருந்தார்.

போன வருஷம் ஜனவரியில் மறுபடி போனோம், இரண்டு இரவு தங்கினோம். முதல் தடவை செய்த தப்பு ஒவ்வொன்றையும் திருத்திக்கொண்டதன் விளைவுதான் இந்த வழிகாட்டி. தரங்கம்பாடியைச் சுற்றிப் பார்க்க வெளியூர்க்காரருக்கு அரை நாள் போதும். அங்கே வளர்ந்தவருக்கு அது போதாது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

1. புறப்படும் முன் ஒரு பட்டியல்

கூகுள் மேப்பைத் திறக்கும் முன் அவரிடம் ஒரு நோட்டும் பேனாவும் கொடுங்கள். எழுத முடியாவிட்டால் நீங்கள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என்னென்ன பார்க்க வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. "எல்லாம் பார்த்ததுதானே" என்பார்கள். கேள்வியைச் சின்னதாக்குங்கள். பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியாக நடந்தீர்கள்? தண்ணீர் எங்கே எடுத்தீர்கள்? மீன் யாரிடம் வாங்கினீர்கள்? யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவீர்கள்?

என் அத்தை சொன்ன பட்டியலில் கோட்டை ஐந்தாவது இடத்தில்தான் வந்தது. முதலில் வந்தது ரயில். மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) தரங்கம்பாடிக்கு 1926-ல் திறந்த மீட்டர் கேஜ் பாதை ஒன்று இருந்தது. ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அதில் ஏறி மாயவரத்துக்குத் துணி எடுக்கவும் படம் பார்க்கவும் போவார்களாம். 1986-ல் அந்த வண்டியை நிறுத்திவிட்டார்கள், பிறகு தண்டவாளத்தையும் பெயர்த்தாயிற்று. அத்தைக்கு இதெல்லாம் தெரியும். ஆனாலும் பட்டியலில் முதலாவதாக "ரயிலடி" என்றுதான் எழுதச் சொன்னார்.

பட்டியல் கைக்கு வந்ததும் இன்னொரு வேலை இருக்கிறது, இதை அவருக்குத் தெரியாமல் செய்யுங்கள். அதில் வரும் மனிதர்கள் இருக்கிறார்களா, வீடுகள் இருக்கின்றனவா என்று உள்ளூரில் யாரிடமாவது போனில் விசாரித்து வையுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி இந்தக் கரையை மோசமாக அடித்தது. மீனவர் குடியிருப்பில் பெரும்பகுதியை உள்தள்ளிப் புதிதாகக் கட்டிக்கொடுத்தார்கள். பழைய ஞாபகத்தோடு வருகிறவர் தேடும் தெருவே அங்கே இல்லாமல் போயிருக்கலாம். அதை அங்கே போய் நின்றுகொண்டு தெரிந்துகொள்வதைவிட, புறப்படும் முன் உங்கள் வாயால் கேட்டுக்கொள்வது அவருக்கு நல்லது. அத்தையின் சிநேகிதிகள் மூன்று பேரில் ஒருவர் மட்டும் பொறையாரில் இருந்தார். மற்ற இரண்டு பேரைப் பற்றி வீட்டிலேயே சொல்லிவிட்டேன். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. ஆனால் ஊருக்குப் போன பிறகு அந்த அதிர்ச்சி இல்லை.

2. எந்த மாதம், எந்தக் கிழமை

ஜனவரி நடுவிலிருந்து மார்ச் முதல் வாரம்வரை நல்ல காலம். அக்டோபர் தொடங்கி டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழை. புயல் சின்னம் எதுவும் கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே திரும்பலாம், அப்போது வயதானவரோடு மாட்டிக்கொள்ளக் கூடாது. ஏப்ரல், மே பற்றி மேலே சொல்லியாயிற்று. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. காவி உடுத்திய பாதயாத்திரைக் கூட்டம் சாலை நெடுக நடக்கும், பேருந்தில் நிற்கக்கூட இடமிருக்காது.

கிழமை விஷயத்தில் மூன்று குறிப்புகள். வெள்ளிக்கிழமை கோட்டைக்குள் போக முடியாது. சனிக்கிழமை திருநள்ளாற்றுக்கும் காரைக்காலுக்கும் போகிற வண்டிகள் அதிகம் (காரைக்காலுக்கு எதற்குப் போகிறார்கள் என்று விளக்க வேண்டியதில்லை). ஞாயிறு மாலை சுற்றுவட்டார ஊர்களெல்லாம் கடற்கரைக்கு வந்துவிடும். ஆகவே திங்கள் மதியம் சேர்ந்து புதன் மதியம் கிளம்புவது உத்தமம். பௌர்ணமியை ஒட்டி வாய்த்தால் இன்னும் நல்லது. கிழக்குக் கரை என்பதால் சாயங்காலம் சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்க, எதிரே தண்ணீரிலிருந்து நிலா எழும்பும்.

3. போய்ச் சேருவது

சென்னையிலிருந்து காரில் வந்தால் சிதம்பரம், சீர்காழி வழி. கிட்டத்தட்ட 280 கிலோமீட்டர். நிறுத்தி நிறுத்தி வந்தால் ஏழு மணி நேரம் ஆகும். முட்டிவலி உள்ளவருக்கு ஏழு மணி நேரம் காலை மடக்கிக்கொண்டு உட்காருவது தண்டனை. அதனால் என் ஓட்டு ரயிலுக்கு. எழுந்து நடக்கலாம், கழிப்பறை இருக்கிறது, பக்கத்து சீட்டில் பேச ஆள் கிடைக்கும். பகலில் வரும் சோழன் விரைவு வண்டியில் மயிலாடுதுறையில் இறங்குங்கள். இரவில் உழவன் இருக்கிறது. ஆனால் அது விடியுமுன் கொண்டுவந்து இறக்கிவிடும், தூக்கம் கெட்டால் அடுத்த நாள் முழுக்க வீணாகும். மூத்த குடிமக்களுக்குக் கீழ்ப் படுக்கை கேட்டு முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழி. பெட்டியும் வயதானவருமாக இருப்பதால் ஒரு டாக்சியோ ஆட்டோவோ பேசிக்கொள்ளுங்கள். ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: "வழியில நாலு இடத்துல நிறுத்தச் சொல்வோம்ணே, கோவிச்சுக்கக் கூடாது." எங்கள் ஓட்டுநர் ஆக்கூர்க்காரர். பழைய ரயில் போன கரை எங்கே என்று கேட்டதும் அவரே குஷியாகிவிட்டார். சாலையை விட்டு விலகி, கருவேலம் மண்டிய ஒரு மேட்டைக் காட்டி, "இதுதாம்மா" என்றார். அத்தை கண்ணாடியை இறக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வண்டி இங்க வரும்போதே உப்புக் காத்து அடிக்கும்டா, அப்பவே நாங்க சீட்ட விட்டு எழுந்துடுவோம்" என்றார். பட்டியலில் முதல் வரியை அங்கேயே அடித்தோம்.

4. எங்கே தங்குவது

மூன்று வழிகள் இருக்கின்றன. தரங்கம்பாடிக்குள்ளேயே, கடலைப் பார்த்தபடி, பழைய கலெக்டர் பங்களாவில் தங்கும் விடுதி இருக்கிறது. வாடகை அதிகம். ஆனால் ஜன்னலைத் திறந்தால் கடல், விடியற்காலையில் எங்கேயும் வண்டி ஏறிப் போக வேண்டாம். முடிந்தால் ஒரு இரவாவது கடலோரத்தில் தங்குங்கள். இந்தப் பயணத்தில் தாராளமாகச் செலவு செய்ய வேண்டிய இடம் அது ஒன்றுதான். பதிவு செய்யும்போது தரைத்தள அறை கேளுங்கள், மேல்நாட்டுக் கழிப்பறை உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் படி உயரமாக இருக்கும்.

இரண்டாவது, எட்டு கிலோமீட்டர் தள்ளித் திருக்கடையூர். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்ய வருகிறவர்களுக்காக அங்கே எல்லா விலையிலும் விடுதிகள் உண்டு. முகூர்த்த நாளாக இருந்தால் அறை கிடைக்காது. கிடைத்தாலும் விடிவதற்குள் நாயனச் சத்தம் எழுப்பிவிடும். மூன்றாவது காரைக்கால். அது 15 கிலோமீட்டருக்குள். வசதியான ஓட்டல்கள், மருத்துவமனைகள் எல்லாம் உண்டு. இதய நோய், டயாலிசிஸ் போன்ற பிரச்சினை உள்ளவர்களோடு போகிறவர்கள் காரைக்காலில் தங்கி வந்துபோவது புத்திசாலித்தனம்.

5. முதல் மாலை: வெறுமனே உட்காருங்கள்

போய்ச் சேர்ந்த அன்றைக்குச் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். குளித்து, ஒரு தூக்கம் போட்டு, நாலரை மணிக்கு மேல் கடற்கரைக்கு நடங்கள்.

இங்கே ஒரு உபாயம் சொல்கிறேன். கோட்டை கடலின் விளிம்பில் நிற்கிறது. சூரியன் மேற்கே சாயச் சாய, கோட்டையின் நிழல் கிழக்கே மணல்மேல் நீண்டுகொண்டே போகும். அந்த நிழலில் உட்கார்ந்தால் வெயிலும் இல்லை, கண் கூச்சமும் இல்லை, எதிரே நீலம். மடக்கு நாற்காலி ஒன்று கொண்டுபோயிருந்தால் அத்தனை சௌகரியம். இல்லாவிட்டால் அருகில் உள்ள டீக்கடையில் கேளுங்கள், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கொடுத்துவிடுவார்கள். நாற்காலிக் கால் மணலில் புதையும் என்பதால் அடியில் ஒரு பலகைத் துண்டு போடுங்கள்.

கைத்தடி மணலில் உதவாது. குத்திய இடத்தில் இறங்கி, ஆளையும் சாய்த்துவிடும். கையைப் பிடித்துக்கொண்டு, ஈர மணல் வரை மட்டும் போங்கள். ஈர மணல் கெட்டியாக இருக்கும், அங்கே நடப்பது சுலபம். பின்பட்டி வைத்த செருப்பு நல்லது. கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம். இந்தக் கரையில் அலை இழுப்பு அதிகம், அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளும் பல இடங்களில் கிடக்கின்றன. கணுக்கால் நனைந்தால் போதும்.

ஊரில் ஒரு பேச்சு உண்டு: தரங்கம்பாடிக் காற்றில் ஓசோன் நிறைய இருக்கிறது, அதனால் உடம்புக்கு நல்லது என்று. அத்தையும் சொன்னார். தரையோரக் காற்றில் ஓசோன் கூடினால் நுரையீரலுக்குக் கெடுதல்தான். கடல் வாசனை என்று நாம் உணர்வது பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்களிலிருந்து வரும் கந்தகச் சேர்மத்தின் வாசனை. ஆனால் அன்றைக்கு அத்தை இரண்டு மணி நேரம் ஒரு முறைகூட இருமாமல் உட்கார்ந்திருந்தார். ஓசோன் விவகாரத்தை நான் கிளப்பவில்லை.

போனை எடுத்து உள்ளே வையுங்கள். ஒரே ஒரு படம் எடுத்துக்கொண்டால் போதும். பேசச் சொல்லித் தூண்டாதீர்கள். அவராகப் பேசுவார்.

6. மறுநாள் விடியல்

ஜனவரியில் ஆறரையை ஒட்டிச் சூரியன் எழும். ஆறு மணிக்கே அங்கே இருங்கள். காதை மூடி ஒரு மப்ளர், தோளில் சால்வை. ஃபிளாஸ்கில் வெந்நீரோ காப்பியோ எடுத்துக்கொள்ளுங்கள். அறையைவிட்டுக் கிளம்புமுன் கழிப்பறைக்குப் போய்விட்டு வரச் சொல்லுங்கள், கடற்கரையில் அந்த நேரத்தில் வசதி எதிர்பார்க்க முடியாது.

படகுகள் திரும்பும் இடத்தில் சற்று நேரம் நில்லுங்கள். வலையிலிருந்து மீனை உதறி எடுப்பதை அத்தை கண் கொட்டாமல் பார்த்தார். நெத்திலி, சங்கரா, காரப்பொடி என்று பெயர் சொல்லிக்கொண்டே போனார். மீன்காரப் பெண் ஒருவர், "ஆச்சி நம்ம ஊரா?" என்று கேட்டதும், யார் வீட்டுப் பெண், எந்தத் தெரு என்று பத்து நிமிஷம் விசாரணை நடந்தது. அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்று தோன்றியது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அப்போது போனால் சிறு வள்ளங்கள் கொண்டுவரும் மீன்தான்.

ஒரு வேண்டுகோள். மீனவர்களிடம் சுனாமிக் கதை கேட்காதீர்கள். வந்துபோகிறவர் எல்லாரும் அதையேதான் கேட்கிறார்கள். அவர்களாகச் சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள்.

7. கோட்டை

காலை பத்தரைக்குள் கோட்டையை முடித்துவிடுவது என்றுதான் நினைப்போம். திறப்பதே பத்து மணிக்கு மேல்தான். எனவே காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, திறந்தவுடன் போய்விடுங்கள். நுழைவுக் கட்டணம் பெரிதல்ல.

கதையை உங்களுக்குள் ஒரு தடவை ஓட்டிவைத்துக்கொள்ளுங்கள், பேரப்பிள்ளைகள் உடன் வந்தால் சொல்லலாம். 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஓவ் கெடே என்ற டென்மார்க் கப்பற்படைத் தலைவர் இங்கே கோட்டை எழுப்பத் தொடங்கினார். அதுதான் டான்ஸ்போர்க் கோட்டை. ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஏட்டில் எழுதியனுப்பிய கடிதம் இன்னும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. மிளகு வியாபாரத்துக்கு வந்தவர்கள் இருநூறு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, 1845-ல் வங்காளத்து செராம்பூரையும் இதையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அதோடு ஊர் அமைதியாகிவிட்டது. வியாபாரம் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. இன்றைக்கு நாம் ரசிக்கும் அமைதி அப்படிக் கைவிடப்பட்டதால் வந்தது.

கீழ்த்தளத்து வளைவுக் கூரை அறைகள் கிடங்கு, சமையல், சிறை என்று பலவாக இருந்தவை. வெளியே கொதித்தாலும் உள்ளே குளிர்ச்சி. முழங்கால் பிரச்சினை உள்ளவரைக் கீழேயே விட்டுவிடுங்கள். மேல்தளத்துக்குப் படி ஏற வேண்டும். அங்கேதான் கவர்னரும் பாதிரியாரும் குடியிருந்தார்கள், அருங்காட்சியகமும் அங்கேதான். என் மனைவி அத்தையோடு கீழே முற்றத்தில் உட்கார்ந்துகொள்ள, நான் மட்டும் மேலே போய்வந்தேன். அருங்காட்சியகத்தைவிட எனக்குப் பிடித்தது மதில்மேலிருந்து கடலைப் பார்ப்பதுதான்.

கீழே வந்தால் அத்தை ஒரு சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். காரை உதிர்ந்த இடத்தில் செங்கல் தெரிகிறது. நம் வீட்டுச் செங்கலைப்போல் பருமனாக இல்லாமல், சப்பட்டையாக, உப்புக் காற்றில் ஓரம் கரைந்து, நடுவில் மட்டும் சுண்ணாம்புச் சாந்து துருத்திக்கொண்டிருந்தது. "செங்கல் போயிடுச்சு, சாந்து நிக்குது பாரு" என்றார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இந்தப் பொந்துகளில் புளியங்கொட்டை ஒளித்துவைப்பார்களாம். ஒரு பொந்தில் விரலை விட்டும் பார்த்தார்.

8. ராஜ வீதி

கோட்டையிலிருந்து வெளியே வந்து ஊருக்குள் நடக்கும் நேர் வீதிதான் கிங் ஸ்ட்ரீட் என்கிற ராஜ வீதி. மொத்தமும் நடக்கப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது, அத்தையோடு நடந்தால் ஒரு மணி நேரம். வெயில் ஏறியிருந்தால் மாலைக்குத் தள்ளிப்போடுங்கள்.

வீதியில் நிற்க வேண்டிய இடம் புதிய எருசலேம் ஆலயம். 1718-ல் கட்டியது. "புதிய" என்று பெயர் வரக் காரணம் உண்டு: 1707-ல் கட்டிய முதல் ஆலயத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரை கிரீடத்தோடு இருக்கிறது. உள்ளே சீகன்பால்கு கல்லறை. 1706 ஜூலை 9-ல் இந்தக் கரையில் இறங்கிய இளம் ஜெர்மானிய மதபோதகர் அவர். குழந்தைகளோடு மணலில் உட்கார்ந்து அ, ஆ எழுதிப் பழகினார். உள்ளூர் டேனிஷ் கமாண்டரோடு மோதி நாலு மாதம் கோட்டைச் சிறையில் கிடந்தார். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-ல் இங்கேயே அச்சேறி முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள், பொறையாரில் காகிதப் பட்டறையும் போட்டார்கள். அங்கே கடுதாசிப்பட்டறை என்று இன்றும் ஓர் இடம் இருக்கிறது. அத்தைக்குச் சீகன்பால்கு கதை தெரியாது, கடுதாசிப்பட்டறை தெரியும். "அங்க எங்க கணக்கு டீச்சர் வீடு" என்றார். நான் சொன்ன கதையைவிட அவருக்கு அதுதான் முக்கியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை நடக்கும். அப்போது வேடிக்கை பார்க்க நுழைய வேண்டாம். எதிரே 1701-ம் வருஷத்து சீயோன் ஆலயம் இருக்கிறது. வீதிக் கடைசியில் 1792-ல் கட்டிய வெள்ளை நுழைவாயில். ஊரின் மதில் பெரும்பாலும் போய்விட்டது, வாசல் நிற்கிறது. பேருந்துகள் அதற்கு வெளியேயே நின்றுவிடுவதால்தான் உள்ளே இத்தனை அமைதி.

9. கடல் தின்ற கோயில்

கோட்டைக்கு வடக்கே, அலை தொடும் தூரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ம் ஆண்டை ஒட்டி எழுந்தது. அந்தக் கல்வெட்டில் ஊர்ப் பெயர் சடங்கன்பாடி. "அலைகள் பாடும் ஊர்" என்று தரங்கம்பாடிக்குப் பொருள் சொல்வது அழகாக இருக்கிறது. கல்வெட்டோ சடங்கன் என்கிறது. இரண்டில் எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

முன் மண்டபம், மதில் எல்லாம் கடலுக்குள் போயிற்று. மிச்சத்தைப் பின்னாளில் சீரமைத்துப் பாறை கொட்டிக் காத்திருக்கிறார்கள். அத்தை சின்ன வயதில் பார்த்தபோது இன்னும் நிறைய இருந்ததாம். "அந்தத் தூணுக்கு அந்தாண்ட நின்னு கல்லு விளையாடுவோம்" என்று அவர் காட்டிய இடத்தில் அலை புரண்டுகொண்டிருந்தது. பாறைகள்மேல் ஏறிப் போட்டோ எடுக்கும் ஆசை வேண்டாம். பாசி வழுக்கும்.

10. பட்டியலில் மீதி

இரண்டாம் நாள் மாலையை முழுதாகப் பட்டியலுக்கு ஒதுக்குங்கள். பொறையார் மூன்று கிலோமீட்டர்தான். உள்ளூர் ஆட்டோ ஒன்றை இரண்டு மணி நேரத்துக்குப் பேசிக்கொள்வது நல்லது. போகச் சொன்ன இடத்துக்குப் போங்கள், வழி தப்பு என்று மேப்பைக் காட்டி வாதாடாதீர்கள். நான் ஒரு முறை வாதாடினேன். மேப் சொன்ன தெரு முட்டுச்சந்து. அத்தை சொன்ன சந்து வழியாகத்தான் போக முடிந்தது.

பிறந்த வீட்டில் வேறு யாரோ குடியிருந்தால், வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லிக் கேளுங்கள். பெரும்பாலும் உள்ளே கூப்பிடுவார்கள். பழமோ பிஸ்கட்டோ வாங்கிப் போங்கள், வெறுங்கையோடு போக வேண்டாம். அத்தை பிறந்த வீடு மெத்தை வீடாகிவிட்டது. கிணறு மட்டும் இருந்தது, இரும்பு வலை போட்டு மூடி. அந்த வீட்டு மருமகள் வலையைத் தூக்கிக் காட்டினார். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணி நல்லாதான் கெடக்கு" என்று மட்டும் சொன்னார்.

சிநேகிதி வீட்டில் எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பேரும் தனியாகப் பேச வேண்டுமாம். எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று பார்க்கவில்லை, நானும் மனைவியும் கடைவீதியில் மூன்று முறை டீ குடித்தோம். இந்தச் சந்திப்புக்கு நேரம் குறிக்காதீர்கள். அடுத்து எங்கேயும் போக வேண்டிய வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

11. சக்தி இருந்தால் பக்கத்தில்

திருக்கடையூர் அபிராமி, அமிர்தகடேசுவரர் கோயில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். காலை ஏழுக்குள் போனால் கூட்டம் குறைவு. தில்லையாடிக்கு ஒரு எட்டுப் போய்வரலாம், அதிகம் பேர் போவதில்லை. தென்னாப்பிரிக்காவில் காந்தியின் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, 1914-ல் 16 வயதில் இறந்த வள்ளியம்மையின் குடும்ப ஊர் அது. காந்தி 1915-ல் இந்த ஊருக்கு வந்தார். நினைவு மண்டபம் இருக்கிறது. பூம்புகாரை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். அலைச்சல் கூடும், கடல் அதே கடல்தான்.

12. சாப்பாடு, மருந்து

தரங்கம்பாடிக்குள் ஓட்டல்கள் குறைவு. சைவச் சாப்பாட்டுக்குப் பொறையார் அல்லது திருக்கடையூர். மீன் குழம்பு வேண்டுமானால் காலையில் வாங்கிய மீனைச் சமைத்துத் தருவார்களா என்று தங்கும் இடத்தில் கேளுங்கள், சில இடங்களில் செய்வார்கள். குடிதண்ணீரைக் கேனாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கரையோரத் தண்ணீரில் உப்பு தட்டும்.

மாத்திரைகளை நாட்கணக்குக்கு மேல் மூன்று நாள் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சீட்டின் படம் உங்கள் போனில் இருக்கட்டும். பொறையாரில் அரசு மருத்துவமனை உண்டு, அதற்கு மேல் என்றால் காரைக்கால் அல்லது மயிலாடுதுறை. ஊரைப் பார்த்த சந்தோஷத்தில் மாத்திரையை மறந்துவிடுவார்கள், நீங்கள்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அத்தை இரண்டு வேளை பிரஷர் மாத்திரையை விழுங்கியதாகச் சொல்லிவிட்டுத் தலையணைக்கடியில் வைத்திருந்தார்.

13. திரும்பும் நாள்

கிளம்பும் காலையில் இன்னொரு முறை கடற்கரைக்குப் போங்கள். புதிதாக எதையும் பார்க்கத் தேவையில்லை. பெட்டி கட்டுவதை முந்தின இரவே முடித்துவிட்டால் அதற்கு நேரம் இருக்கும்.

கருவாடு வாங்காமல் விட மாட்டார்கள். அதைக் கட்டுவதற்கு முறை இருக்கிறது. முதலில் செய்தித்தாள், அதன்மேல் கெட்டியான பிளாஸ்டிக் பை, காற்றை அழுத்தி வெளியேற்றி ரப்பர் பேண்டு போட்டு, பிறகு மூடி இறுகும் எவர்சில்வர் சம்படம். அந்தச் சம்படத்தை வீட்டிலிருந்தே காலியாக எடுத்துப்போக வேண்டும். நாங்கள் பையோடு நிறுத்திவிட்டோம். சிதம்பரம் தாண்டுவதற்குள் எதிர் சீட்டுக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை எழுந்து போனார். மூன்றாவது முறை வந்து உட்கார்ந்ததும், "எந்த ஊர் நெத்திலிம்மா?" என்று கேட்டார். விழுப்புரம் வரும்வரை அத்தை அவருக்குத் தரங்கம்பாடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.